மரபு மாற்றிய மீனும் கிராமக் குளங்களும்

பிராணிகளின் விந்தணு முதலிய பீஜ அணுக்களைக் கொண்டு அவற்றின் பரம்பரைக் குணத்தையே மாற்றும் ஆராய்ச்சி இந்நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகின்றது. அதன் பயன் ஆராய்ச்சிச் சாலையின் தொட்டியைவிட்டு இன்னும் குடியானவர் கைக்கு வரவில்லை. வருமாயின், முதலில் வரக்கூடியது மாடும் ஆடும் அன்று, மீனேயாகும். அது வந்து சேரக்கூடிய இடமும் கிராமக் குளமேயாகும். ஆகையால், குளத்தை மீன்பாசிக் குத்தகைக்கு விடும் ஊராட்சியாரும், அதனை ஏலத்தில் எடுக்கும் நிலச்சுவான்தார்களும், இவ்விஷயம் படித்த பண்டிதர்களுக்கே உரியதென்று ஒதுங்கியிருத்தல் தகாது.

மீனில் இவ்வேலை எளிதாவது ஏன் என்பதைத் தூத்துக்குடிக் கடற்கரையார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. முத்துச் சிப்பி தன் விந்தையும் முட்டையையும் கடல் நீரிலேயே வெளிவிடுகின்றது. கருவும் அந்நீரிலேயே உண்டாகின்றது. இவ்வியல்பைக் கொண்டே தூத்துக்குடியிலுள்ள மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1981-ல் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியில் பிறப்பித்தனர். ரோகு, கட்லா முதலிய கெண்டை ஜாதிகளும் அவ்வாறே நீரில் கருவுறுவன. 1957-ல் கட்டாக்கில் ஹீராலால் சவுத்ரி என்பார் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாரத்தை ஊசி வழியே செலுத்தித் தாய் மீனை வேண்டும்போது முட்டையிடச் செய்த நாள் முதல், கெண்டையின் முட்டையும் விந்தும் மனிதர் கைக்கு எட்டிய பொருள்களாயின. பசுவின் கரு வயிற்றினுள் மறைந்து கிடக்கின்றது. மீனின் கருவோ ஒரு தட்டில் கிடக்கின்றது.

புது மரபணுவை ஏற்றும் பழைய முறையாவது, கருவுற்ற முட்டையைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து நுண்ணிய ஊசியால் குத்திச் செலுத்துவதாகும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டி. ஜே. பாண்டியனும் அவரைச் சேர்ந்தோரும் எலியின் வளர்ச்சிச் சுரப்பு மரபணுவை வரிக்குதிரை மீனின் முட்டையில் இவ்வாறு ஏற்றி, அதன் விவரத்தை 1991-ல் வெளியிட்டனர். ஆயினும் மீன் முட்டையின் மேல்தோல் நீர் பட்டபின் இறுகிவிடும். ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்துவது நடவாத காரியம். விந்தணுவின் வழியே செல்வது இதனினும் எளிது. ஒரு துளி விந்தில் அணுக்கள் கோடிக்கணக்கில் உள. புது மரபணுவைக் கலந்த நீரில் அவற்றையிட்டுக் கணப்பொழுது மின்சாரத்தைப் பாய்ச்சினால், அணுவின் தோலில் நுண்துளைகள் திறந்து மூடும். அதற்குள் மரபணு உட்புகும். பின்னர் அவ்விந்தை முட்டைகளோடு கலந்தால், விந்தணுவே வண்டியாக நின்று புதுச் சரக்கை முட்டைக்குள் இறக்கிவிடும். 1989-ல் ரோமாபுரி ஆராய்ச்சியாளர் மின்சாரமும் இன்றியே சுண்டெலியில் இது கைகூடிற்று என்றபோது, பிறர் செய்து பார்த்துத் தங்களுக்கு அவ்வாறு வரவில்லை என்று மறுத்ததுண்டு. மீனில் மின்சார முறை பலித்தது. மதுரையில் ரோகுவின் சொந்த வளர்ச்சி மரபணுவையே ஓய்வின்றி வேலை செய்யுமாறு அமைத்து, விந்தணுவின் வழியே மீண்டும் ரோகுவில் ஏற்றினர். 2004-ல் வெளியான விவரப்படி, இவ்வாறு மாறிய குஞ்சுகள் உடன்பிறந்த சாதாரணக் குஞ்சுகளைக் காட்டிலும் நாலு மடங்குக்கும் மேல் விரைவாக வளர்ந்தன. தின்ற தீனிக்கு ஏறிய எடையும் அதிகம். இது தமிழ்நாட்டார் பெருமைப்படத்தக்க வேலை என்பதில் ஐயமில்லை.

கால்நடையை நோக்கியும் இவ்வித்தை நகர்ந்து வருகின்றது. டில்லியிலுள்ள தேசிய நோய்த்தடுப்பியல் நிலையத்தார் ஆண் சுண்டெலியின் விதையிலேயே மரபணுவைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சி, பின்னர் அதனை இயல்பாகப் பெண்ணோடு சேரவிட்டுக் குட்டிகளில் புதுக் குணம் இறங்கியதை 2008-ல் வெளியிட்டனர். பொலிகாளைக்கு இது எட்டுங்காலம் வரலாம். எனினும் காளையைக் கட்டுத்தறியில் கட்டலாம்.

ஏற்றிய மரபணு மீனின் சதையில் மட்டும் தங்கினால் அம்மீனோடு அழியும். பீஜ அணுவில் தங்கினாலோ குஞ்சுக்கும், அதன் குஞ்சுக்கும் இறங்கிக்கொண்டே செல்லும். ஆராய்ச்சியாளர்க்கு இதுவே வெற்றி. குளத்துக்கு இதுவே அபாயம்.

விரைவில் வளரும் மீன்மீது குடியானவர்க்கு ஆசை பிறத்தல் இயற்கை. தூத்துக்குடியினின்று திருநெல்வேலி செல்லும் சாலையிலுள்ள புதுக்கோட்டை வட்டாரத்துக் குளங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. கோடை முதிருமுன் நீர் வற்றும். அதற்குள் எடைக்கு வராத ரோகுவைச் சந்தையில் எவரும் மதிப்பதில்லை. நாலு மடங்கு விரைவென்றால் குத்தகைதாரர் காது கொடுக்கவே செய்வார். அவரைப் பேராசைக்காரர் என்று பழிப்பது நியாயமன்று.

ஆயினும் குளத்திற்கு வேலி இல்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இவ்வட்டாரத்தார் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. வெள்ளம் நகரத்துட் புகுந்தது. கரை உடைந்த குளத்து மீன் மறுகாலுக்குக் காத்திருப்பதில்லை. ஓடையில் இறங்கி அடுத்த குளத்திற்கும், அங்கிருந்து கழிமுகத்திற்கும் போய்விடும். ரோகு கங்கைப் பிரதேசத்து மீன், தேங்கிய நீரில் முட்டையிடாது, ஆதலால் அஞ்ச வேண்டுவதில்லை என்பாரும் உளர். ஓடும் வெள்ளமே அதனை முட்டையிடத் தூண்டும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திலர். குளத்தைவிட்டு அது வெளியேறும் நாளும் வெள்ள நாளேயன்றோ!

வேகமாய் வளரும் மீன் வெளியில் பிழைக்க மாட்டாது என்பது மற்றொரு வாதம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் இருவர் 1999-ல் இதனைக் கணக்கிட்டுக் காட்டினர். பெரிய உடலுள்ள ஆண் மீன் பெண்ணை எளிதில் சேரும். அதன் குஞ்சுகளோ மெலிந்து மடியும். இவ்விரண்டும் கூடினால் சில தலைமுறைகளில் அவ்விடத்து மீன் இனமே அருகிப்போகும் என்பது அவர்கள் முடிவு. பிழைக்காத மீனும் கேடு செய்யலாம் என்று இதனால் விளங்கும்.

விட்ட மீனைத் திரும்பப் பிடிக்க முடியாதென்பதற்குக் கணக்கும் வேண்டுவதில்லை. சிலேபிக் கெண்டை 1952-ல் நன்மையைக் கருதியே இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது புகாத குளம் அரிது. ஆப்பிரிக்கக் கெளுத்தியைச் சர்க்கார் 2000-ல் தடுத்தனர். தடை வந்த பின்னும் அது மறைவில் வளர்க்கப்பட்டது. அவை கண்ணால் பார்த்து அடையாளம் சொல்லத்தக்க மீன்கள். மரபு மாற்றிய ரோகுவைச் சாதாரண ரோகுவினின்று பிரித்தறிய எந்தக் கிராம அதிகாரியாலும் இயலாது.

அமெரிக்க சர்க்கார் 2015-ல் உணவுக்கு அனுமதித்த மரபு மாற்றிய சால்மன் மீன், பெண் மீனாகவும் மலடாகவும் ஆக்கப்பட்டு, நிலத்தில் கட்டிய தொட்டிகளில் மட்டுமே வளர்க்கப்பட்டது. பணம் போதாமல் அக்கம்பெனியார் 2024 டிசம்பரில் மீன் வளர்ப்பை நிறுத்தினர். இந்தியாவில் 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதியின்றி இத்தகைய மீனை வெளியில் விடுதல் குற்றம். வளர்ப்புக்கு எந்த மரபு மாற்றிய மீனுக்கும் இதுவரை அனுமதி அளிக்கப்படவில்லை.

பீஜ அணு ஆராய்ச்சியையே நிறுத்த வேண்டுமென்பது இதனால் பெறப்படுவதன்று. அதே மதுரை ஆராய்ச்சிச் சாலையில், இறந்தபின் உறைகுளிரில் வைத்திருந்த ஒரு சிறு கெண்டை ஜாதியின் விந்தணுவை எடுத்து, வேறொரு ஜாதியின் முட்டையில் தாயின் பரம்பரைப் பொருளை அழித்துவிட்டு அதனுட் செலுத்தி, தந்தை ஜாதியையே மீட்டெடுத்த விவரம் 2004-ல் வெளியாயிற்று. அரிதாகிவரும் ஆற்றுமீனை மீட்க இது வழி. புவனேசுவரத்திலுள்ள நன்னீர் மீன் நிலையத்தார் நார்வே நாட்டார் துணையுடன் நல்ல ரோகுகளைத் தெரிந்து இணைத்தே ஜயந்தி ரோகுவை உண்டாக்கினர். தலைமுறைக்கு ஏறத்தாழ 17 சதவீதம் வளர்ச்சி கூடிற்று. நாலு மடங்கின் முன் இது சிறிதாகத் தோன்றும். ஆனால் அதில் புதிதாக ஏற்றிய மரபணு ஒன்றும் இல்லை. குளம் உடைந்தாலும் ஊர் அஞ்ச வேண்டுவதில்லை.

ஆகவே சர்க்கார் பணம் முதலில் செல்ல வேண்டியது நாட்டு மீன்களின் விந்தைச் சேமிக்கும் நிலையங்களுக்கும், தெரிந்தெடுத்த ஜாதிகளின் விரலிகளைக் கிராமங்களுக்கு அனுப்புவதற்குமேயாம். மரபு மாற்றிய மீன், மலடென்று பல தலைமுறை பரீக்ஷித்த பின்னரும், சிமெண்டுத் தொட்டியில் மட்டுமே வளர்க்கப்படல் வேண்டும். இது இலாகாக்களின் பொறுப்பு. ஊராட்சியார் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வரும் ஆண்டு மீன்பாசி ஏலப் பத்திரத்தில், குளத்தில் விடும் குஞ்சு எந்த ஜாதி, எந்தப் பண்ணையில் வாங்கியது என்று எழுதி, அப்பண்ணையின் ரசீதையும் இணைக்குமாறு ஒரு நிபந்தனை சேர்க்கலாம். அதற்குச் செலவு ஒரு வரி மைதான்.