நட்டுவிட்டு வந்தோம்

மட்டக்களப்பு வாவியோரக் கிராமம் ஒன்றுக்கு உயர்தர வகுப்பு மாணவர் நாற்பது பேரைப் புரட்டாதிச் சனிக்கிழமை ஒன்றில் அழைத்துச் சென்றிருந்தோம். கண்டல் நாற்று நடுவதே நோக்கம். பதாகை எழுதியாயிற்று, பஸ் பேசியாயிற்று, தொப்பிகூட வாங்கியாயிற்று. ஊரவரிடம் கேட்க மட்டும் மறந்திருந்தோம். வருகிறோம் என்று அறிவித்திருந்தோம். அறிவிப்பது வேறு, கேட்பது வேறு என்பது அப்போது எமக்கு உறைக்கவில்லை.

கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த வயதான மீனவர் ஒருவர் எம்மைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு அருகே வந்து, "இதுலயா பாதர் நடுறீங்க? மாரியில முகத்துவாரம் வெட்டுமட்டும் இதுல இடுப்பளவு தண்ணி நிக்குமே" என்றார். அவர் சொன்னது எம் காதில் விழாமல் இல்லை. ஆனால் நாற்றுகள் வந்திறங்கிவிட்டன, மாணவர் சேற்றில் இறங்கிவிட்டனர், புகைப்படம் எடுப்பவரும் காத்து நின்றார். நட்டோம். மாலையில் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பினோம்.

பங்குனியில் போய்ப் பார்த்தபோது அடையாளத்துக்கு ஊன்றிய கம்புகள் நின்றன. நாற்றுகளைக் காணவில்லை.

இந்தக் கதை எமக்கு மட்டும் உரியதன்று. 2004 சுனாமிக்குப் பின் கண்டல் நடுகை நாடெங்கும் ஓர் அலையாகவே எழுந்தது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு அவ்வாறு நடப்பட்ட 23 இடங்களைச் சென்று பார்த்தது. 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய 3 இடங்களில் மட்டுமே. ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் முயன்றதில் தேறியது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பொருத்தமற்ற நிலத்தில் நட்டதும், நட்டபின் எவரும் எட்டிப் பாராததும் காரணங்களாகக் காட்டப்பட்டன.

கண்டல் நீரோரத்து மரம் என்பதால் எந்த நீரிலும் வாழும் என எண்ணிவிடுகிறோம். அதன் வேருக்கும் காற்று வேண்டும். அதற்காகவே சில இனங்கள் முட்டுக்கால் போன்ற வேர்களை ஊன்றுகின்றன; சில சேற்றுக்கு மேலே விரல் விரலாய் வேர்களை நீட்டுகின்றன. வாரக்கணக்கில் முழுதாய் மூழ்கிக் கிடக்கும் இளஞ்செடி மூச்சுத் திணறி அழுகிவிடும். இதைப் புத்தகத்தில் நாம் பின்னர் படித்தோம். அம்மீனவர் படிக்காமலே அறிந்திருந்தார்.

இன்னொன்றும் எம்மை உறுத்துகிறது. அன்று மாணவருக்கு மதியச் சோறு ஆக்கியவர்கள் அவ்வூர்ப் பெண்கள். அதற்காக அவர்கள் அன்று வாவிக்குப் போகவில்லை. அன்றாடம் பிடித்து விற்று உலை வைக்கும் வீடுகள் அவை. நன்றியுரையில் மாணவரின் தியாகம் பேசப்பட்டது. அப்பெண்கள் இழந்த ஒரு நாள் வருமானத்தைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை, நாம் உட்பட. அன்று யார் யாருக்குச் சேவை செய்தார்?

1958இல் நாளந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரைக் கனத்தொலுவ என்ற, சாதியால் ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். நாடறிந்த சர்வோதயச் சிரமதானம் அங்கிருந்தே வளர்ந்தது. மாணவர் அம்மக்களோடு தங்கினர், உடனிருந்து உழைத்தனர். பிறர் தீண்டத் தயங்கியோரின் ஊரில் தங்குவதே அன்று பெரிய வேலை. எமது சிரமதானமோ பிற்பகல் நான்கு மணிக்கு முடிந்துவிட்டது.

மறு வைகாசியில் ஆறு மாணவரோடு மட்டும் திரும்பப் போனோம். பதாகை இல்லை, அரிசியும் பருப்பும் கொண்டுபோனோம். இம்முறை முதலில் அம்மீனவரிடம் கேட்டோம். நாற்று வேண்டாம் என்றார். பாதையின் கீழ் அடைபட்டுக் கிடந்த மதகைக் காட்டி, "இதத் துறந்து விடுங்க, தண்ணி வந்து போனாக் காய் தானா வந்து முளைக்கும்" என்றார். இரண்டு நாள் சேறு அள்ளினார்கள். படம் எடுக்கத்தக்க வேலை அல்ல. அருகே மாடு புகாமல் ஒரு வேலியும் கட்டினார்கள். வாய்க்கால் ஓரத்தில் இப்போது சில முளைகள் தெரிகின்றன.

சூழல் முகாமுக்குச் சென்றோருக்குப் பாடசாலைகள் உடனே சான்றிதழ் வழங்குகின்றன. அதனை ஒரு மாரி கழித்து, மாணவர் அவ்விடத்தை மறுபடி பார்த்து வந்தபின் வழங்கலாமே என அதிபர்களிடம் கேட்டு வருகிறோம். ஒருவர் உடன்பட்டார், மற்றொருவர் பஸ் செலவை யார் தருவது என்றார். அதுவும் நியாயமான கேள்விதான்.

அடுத்த பயணத்துக்குத் திகதி குறிக்கவில்லை. தண்ணீர் இறங்கட்டும், சொல்லி அனுப்புகிறேன் என்றிருக்கிறார் அவர்.