பச்சை இலைக் கடதாசியும் சுன்னாகத்துக் கிணறும்

கம்பெனி வாசலில் பச்சை இலை கீறின பதாகை ஒண்டு தொங்கும். கீழே 'ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ் பெற்றது' எண்டு இருக்கும். அதைப் பார்த்தவுடன எங்கட ஆக்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அந்த மரியாதையோடதான் எங்களுக்குச் சண்டை.

1996இல் வந்து 2015இல் திருத்தப்பட்ட அந்த நியமத்தில், ஒரு லீற்றர் கழிவுநீரில் எவ்வளவு எண்ணெய் இருக்கலாம் எண்டு ஒரு இலக்கமும் இல்லை. கொள்கை எழுது, இலக்கு வை, பதிவேடு வை, குறை கண்டால் திருத்து, நாட்டுச் சட்டத்துக்கு அமைவதாக உறுதி குடு எண்டுதான் அது சொல்லுது. இலக்கைத் தீர்மானிப்பது கம்பெனி. எந்தப் பிரிவு இதுக்குள்ள வரும் எண்டு எல்லை போடுறதும் கம்பெனி. சான்றிதழ் குடுப்பது ஐஎஸ்ஓ எண்டு கனபேர் நினைக்கினம். குடுப்பது கம்பெனி காசு குடுத்துக் கூப்பிடுற தணிக்கை நிறுவனம். மூண்டு வருசம் செல்லும், இடையில வருசத்துக்கு ஒருக்கா வந்து பார்ப்பினம். கொள்கைக் கடதாசியை நாங்கள் கேட்டால் காட்டவேணும். தணிக்கை அறிக்கையைக் காட்டத் தேவையில்லை!

2019 ஜனவரி 25, பிரேசிலின் புருமாடின்யோவில் வாலே கம்பெனியின் சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அணை உறுதியாக இருக்கு எண்டு முதல் வருசம்தான் ஜெர்மனியின் டூவ் சூட் நிறுவனம் சான்று குடுத்திருந்தது. அது வேற வகைச் சான்றுதான். ஆனால் அதுக்கும் காசு குடுத்தது சோதிக்கப்பட்ட கம்பெனிதான்.

அவ்வளவு தூரம் ஏன் போவான். சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. சனம் பவுசர் தண்ணிக்கு வாளியோட வரிசையில நிண்டது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நொதேர்ண் பவர் கம்பெனி இரண்டு கோடி ரூபா இழப்பீடு குடுக்கவேணும் எண்டு தீர்ப்பளித்தது. மத்திய சுற்றாடல் அதிகார சபையும் முதலீட்டுச் சபையும் தங்கட கடமையில் தவறினதாயும் சொன்னது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கு, உரிமம் குடுக்க அதிகார சபை இருக்கு. சட்டத்தின் கடதாசிக்கே இந்த நிலை எண்டால், கம்பெனி தானாக விரும்பி எடுக்கிற கடதாசி எங்கட கிணத்தைக் காப்பாத்துமோ?

ஒண்டும் இல்லாததுக்கு இதாவது இருக்கட்டுமே எண்டு கேப்பியள். நல்லாச் செய்ய நினைக்கிற மனேஜருக்கு அது உதவும், மறுக்கேல்லை. ஆனால் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை. கீழே சுண்ணாம்புக்கல், அதின்ர வெடிப்புகளுக்குள்ளதான் எங்கட தண்ணி. மேலே ஊத்தினது கீழே போய், ஒரு வளவில இருந்து அடுத்த வளவுக்கும் போகும். தணிக்கைக்காரர் அடுத்த வருசம் வரும்வரைக்கும் அது காத்திராது.

தொழிற்சாலையைச் சுற்றியுள்ள கிணறுகளின் சோதனை முடிவு மாதாமாதம் தமிழில் பிரதேச சபைச் சுவரில் ஒட்டப்படவேணும். சோதனைக்காரரைத் தெரிவு செய்வது கம்பெனியாக இருக்கக்கூடாது. தணிக்கை அறிக்கையும் பக்கத்தில ஒட்டப்படவேணும். அடுத்தமுறை வளாக நிகழ்ச்சிக்கு அனுசரணை கேட்டுக் கம்பெனிகளிட்டப் போகேக்க, நாங்கள் முதல்ல அந்த அறிக்கையைக் கேட்கப்போறம்.