வாடகை கேளாத ஒரு மாதம்



ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் குடில் அமைக்கும்போது, நிறைகர்ப்பிணியான தேவமாதாவுடன் சூசையப்பர் இடம் தேடி அலைந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு உருக்கமாக எடுத்துரைக்கிறோம். இடமில்லை என்று சொன்ன பெத்லகேம்வாசியை மனத்துள் கடிந்தும் கொள்கிறோம். நம் பங்குகளில் வாடகைக்குக் குடியிருப்போரும் உண்டு. வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருப்போரும் உண்டு. இவ்விரு சாராரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கக் கூசிய காலம் ஒன்று வந்தது. அது 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலம்.

களமருதூர், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்தார் அதை எளிதில் மறவார். சென்னைக்குப் பிழைக்கச் சென்று, ஒற்றை அறையில் குடியிருந்து, மூட்டை சுமந்தும் கட்டட வேலை செய்தும் வாழ்ந்த குடும்பங்கள் எத்தனை! மார்ச் 25ஆம் நாள் ஊரடங்கு தொடங்கியது. கூலி நின்றது, வாடகை நிற்கவில்லை. மே 5ஆம் நாள் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, அங்கே உழைத்தவர்கள் விழுப்புரம், கடலூர், அரியலூர் முதலிய மாவட்டங்களுக்கு லாரிகளில் திரும்பினர். நோயைக் கொண்டுவந்தவர்கள் என்று சொந்த ஊரே அவர்களைக் கண்டு அஞ்சியது. ஜூன் 19இல் சென்னையில் மீண்டும் கடும் ஊரடங்கு வந்தபோதும் பலர் பாத்திரம் பண்டங்களோடு புறப்பட்டனர். நோயச்சம் ஒரு காரணம். மாதம் பிறந்தால் வாடகைக்கு எங்கே போவது என்னும் அச்சம் அதனினும் சிறியதன்று.

இவர்களைக் காக்க ஆணையே இல்லையா எனின், இருந்தது. 2020 மார்ச் 29ஆம் நாள் மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கலாகாது; தொழிலாளரையோ மாணவரையோ வீட்டைவிட்டு வெளியேற்றும் உரிமையாளர்மீது 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்பதே அதன் சாரம். தில்லியில் ஆயிரக்கணக்கானோர் கால்நடையாகக் கிளம்பிவிட்ட வேளை அது. ஏழையின்பால் கொண்ட இரக்கத்தினும், அவன் நடந்தால் நோயும் உடன் நடக்கும் என்னும் கவலையே அவ்வாணையில் மிகுதி என்பது என் கருத்து. மே 18ஆம் நாள் முதல் அது செயலற்றுப் போயிற்று. கேட்கக் கூடாத அந்த ஒரு மாத வாடகை தள்ளுபடியா, தவணையா என்பதையும் அது தெளிவாகச் சொல்லவில்லை.

மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். வாடகைக்கு விடுவோர் அனைவரும் செல்வரல்லர். பின்கட்டு அறை ஒன்றின் வாடகையில் மருந்து வாங்கும் கைம்பெண்ணையும் அவ்வாணை உரிமையாளர் என்றே எண்ணியது. அவளுக்கென அதில் ஒரு காசும் ஒதுக்கப்படவில்லை. ஊரார் வீட்டு நெய்யை எடுத்து விருந்து படைத்த கதைதான்.

தில்லி முதலமைச்சராயிருந்த அரவிந்த் கெஜ்ரிவால் அதே மார்ச் 29ஆம் நாள் ஒருபடி மேலே சென்றார். வறுமையால் வாடகை தர இயலாதவர்க்கு அரசே தரும் என்றார். வாக்கை நம்பியோர் வழக்கு மன்றம் ஏறினர். முதலமைச்சர் தந்த வாக்கு வெறும் பேச்சன்று, அது நிறைவேற்றத்தக்கதே என 2021 ஜூலை 22இல் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். செப்டம்பரில் அத்தீர்ப்புக்கு இரு நீதிபதிகள் அமர்வு தடை விதித்தது. அமெரிக்காவிலோ வாடகை தர இயலாதோரை வெளியேற்ற 2020 செப்டம்பரில் விதிக்கப்பட்ட தடை, 2021 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் முடிந்தது. அங்கு வாடகைப் பாக்கிக்கென அரசு பணமும் ஒதுக்கியது. உரிமையாளரும் அதனால் ஓரளவு பிழைத்தார். நாம் கற்க வேண்டியது இதைத்தான்.

நமது மாநிலத்தில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாத வாடகை பாக்கியானால் உரிமையாளர் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அறிவிப்புக் கிடைத்த ஒரு மாதத்திற்குள் பாக்கியைச் செலுத்தினால் குடியிருப்பவர்க்குப் பாதுகாப்பு உண்டு. பாக்கிக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது குற்றம். இவையெல்லாம் எழுத்து ஒப்பந்தம் உள்ளவர்க்கே முழுப் பயன் தருவன. ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாமையையே வெளியேற்றக் காரணமாகச் சட்டம் ஏற்கிறது. வாய்ச்சொல்லை நம்பி ஒற்றை அறையில் குடியேறும் கூலிக்காரர் இதை எங்கே அறிவார்?

தனியுடைமை உரிமை இரண்டாம் நிலையினது, உலகப் பொருள்கள் யாவரும் பயன்பெறப் படைக்கப்பட்டன என்பதே முதன்மையானது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அதே 2020 அக்டோபரில் 'ஃப்ரத்தெல்லி தூத்தி' சுற்றுமடலில் போதித்தார். அதைக் கோவிலில் கேட்டுத் தலையசைப்பது எளிது. முன்பணக் கணக்கில் காட்டுவதன்றோ கடினம்! ஊரடங்கில் அறையைப் பூட்டிவிட்டு ஊர் திரும்பிய குடும்பங்கள் பலவற்றின் முன்பணம் வாடகைப் பாக்கியிலேயே கரைந்தது. எத்தனை மாதம், எவ்வளவு கழித்தோம் என்று துண்டுக் காகிதத்திலேனும் எழுதிக் கொடுத்தவர் எத்தனை பேர்? மீதம் நிற்பதாயின் அதைக் கொடுத்துவிட இன்றும் காலம் கடந்துவிடவில்லை. அந்தப் பழைய குடித்தனக்காரரின் தொலைபேசி எண் பெரும்பாலும் நம் வீட்டு நாட்குறிப்பில்தான் இருக்கும்.