துவிச்சக்கரவண்டிகளுக்குப் பின்விளக்கு கட்டாயமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களின் வாழ்வோடு துவிச்சக்கரவண்டி கொண்டுள்ள பிணைப்பு நீண்டது. 1990 களின் முற்பகுதியில், எரிபொருளும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்டிருந்த வேளையில், நோயாளரையும் விறகையும் சுமந்தது அதுவே. மின்சாரமற்ற வீடுகளில் அதன் டைனமோவைச் சுழற்றியே மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியிலும் அதுவே கைகொடுத்தது.

ஆனால், அன்றைய வீதி வேறு. இன்றைய வீதி வேறு. 2009 இல் போர் முடிவுற்ற பின்னர் குடாநாட்டின் பிரதான வீதிகள் அகலிக்கப்பட்டுக் காபெற் இடப்பட்டன. வாகனங்களும் அவற்றின் வேகமும் பெருகின. விடிகாலையில் திருநெல்வேலி, சுன்னாகம் சந்தைகளுக்கு மரக்கறி மூடைகளுடன் செல்லும் விவசாயி, குருநகர்க் கரைக்கு விரையும் கடற்றொழிலாளி, ஐந்துசந்திப் பகுதியில் சுபஹுத் தொழுகைக்குச் செல்லும் முதியவர், மாலை வகுப்பு முடிந்து திரும்பும் மாணவி ஆகியோர் இந்த வீதிகளிலேயே பயணிக்கின்றனர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். முன்விளக்கு செல்பவருக்கு வழியைக் காட்டுகின்றது. பின்விளக்கே அவரைப் பிறருக்குக் காட்டுகின்றது.

பின்விளக்கைக் கட்டாயமாக்குவதற்கு எதிரான வாதம் புதியதன்று. பிரித்தானியாவில் துவிச்சக்கரவண்டியாளர் சங்கத்தினர் அதனை நீண்டகாலம் எதிர்த்தனர். முன்னால் செல்பவரைக் கண்டு வேகத்தைக் குறைப்பது பின்னால் வரும் சாரதியின் கடமை என்பதும், விளக்கைக் கட்டாயமாக்கினால் பழி பாதிக்கப்பட்டவர் மீதே சுமத்தப்படும் என்பதும் அவர்களது வாதம். எனினும், இரண்டாம் உலகப் போரின் இருட்டடிப்பு நாட்களில் அங்கு பின்விளக்கு கட்டாயமாயிற்று. 1945 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நிலைபெறச் செய்தது. வீதிப் போக்குவரத்துத் தொடர்பான 1968 ஆம் ஆண்டின் வியன்னா சமவாயமும் பின்புறச் சிவப்பு விளக்கையும் ஒளித்தெறிப்பானையும் வலியுறுத்துகின்றது.

அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், நியாயம் இறந்தவரின் பக்கம் இருப்பதால் அவரது குடும்பத்துக்கு ஆவதென்ன? ஆகவே, பின்விளக்கு கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. அதேவேளை, விளக்கு இல்லாமையைக் காரணங்காட்டி, கண்மூடித்தனமான வேகத்தில் வந்த சாரதி தப்பிக்கொள்ள இடமளிக்கப்படலாகாது.

சட்டம் தண்டப்பணத்துடன் தொடங்குவதும் முறையன்று. நாட்கூலி பெறுபவரின் ஒருநாள் உழைப்பைப் பறிப்பதால் அவரது வண்டியில் விளக்கு எரியப்போவதில்லை. கூட்டுறவுச் சங்கங்கள், சனசமூக நிலையங்கள், பாடசாலைகள், ஆலய பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஆகியன ஊடாக விளக்குகளையும் ஒளித்தெறிப்பான்களையும் மலிவு விலையில் வழங்கலாம். முதல் ஆறு மாதங்களுக்குப் பொலிஸார் எச்சரிக்கையுடன் நிறுத்திக்கொள்ளலாம். மட்காட்டில் உள்ள ஒளித்தெறிப்பானைக் கரியரில் கட்டிய மூடை மறைத்துவிடுவதனால், சுமையின் பின்முனையிலும் ஒன்று கட்டப்படல் வேண்டும். உள்ளூராட்சி மன்றங்களும் அணைந்து கிடக்கும் தெருவிளக்குகளை ஒளிரச் செய்தல் அவசியம்.

எரிபொருளின்றி இருந்த நாட்களில் எம்மைச் சுமந்த வண்டி அது. அதிற் செல்வோர் இருளில் மடிவதை விதியென்று விட்டுவிட முடியாது. ஒரு சிறு சிவப்பு விளக்கு ஓர் உயிரைக் காக்குமெனில், அதற்குரிய செலவைச் சமூகம் முழுவதும் பகிர்ந்துகொள்வதே தகும்.