பாசி எடுக்கும் பெண்களின் வரம்பு



மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகி, அங்கு நுழையத் தடை வந்ததிலிருந்து, பாம்பன், சின்னப்பாலம் பகுதிகளில் தாய்க்குப் பின் மகள் என்று கடற்பாசி எடுத்துவரும் பெண்கள் அத்துமீறுவோராகவே பார்க்கப்படுகிறார்கள். விரல்களில் துணி சுற்றி, பாதத்தில் தகரத் தட்டைக் கட்டி, மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிக்கும் வேலை இது. வீட்டு அடுப்பும் பிள்ளைகளின் படிப்பும் இதில்தான் ஓடுகின்றன. மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலுக்குப் போவது என்று அவர்களே பேசி விதித்துக்கொண்ட வரம்பும் உண்டு. எந்தச் சட்டமும் கேட்காத வரம்பு அது.

இவர்களால் பவளப்பாறைகள் மிதிபடுகின்றன என்கிறார்கள் தடையை ஆதரிப்போர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மாற்றுத் தொழில் என்று ஊக்குவிக்கப்பட்ட மிதவைப் பாசி வளர்ப்பைப் பாருங்கள்: அதில் வளர்க்கப்பட்ட வெளிநாட்டு இனமான கப்பாஃபைக்கஸ் குருசடைத் தீவருகே பவளங்களின்மேல் படர்ந்ததை ஆய்வாளர்களே பதிவுசெய்திருக்கிறார்கள். எனவே தடைக்குப் பதிலாக, எந்தத் தீவருகே, எந்த மாதத்தில், எவ்வளவு பாசி எடுக்கலாம் என்பதை அப்பெண்களோடு உட்கார்ந்து பேசி, அவர்களது வரம்பை எழுத்தில் ஏற்றால் கண்காணிப்பதும் எளிது. ஒளிந்து போகவைக்கும் தடையால், யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்குக்கூட அரசுக்குக் கிடைப்பதில்லை.

வாசகர், ராமநாதபுரம்