‘சார், ஒரு கை பிடிங்க!’

கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவதும் சிகிச்சையில் ஒரு பாடம். மற்ற ஆஸ்பத்திரிகளில்? ‘சார், ஒரு கை பிடிங்க!’ என்பார் வார்டுபாய். நீங்களும் அப்பாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவீர்கள். பக்கவாதம் வந்தவரை அப்படித் தூக்கினால் தோள்மூட்டு நழுவிவிடலாம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

நர்ஸ், ஆயாக்களின் இடுப்பு மட்டும் இரும்பா? நோயாளியைக் கையால் தூக்க, அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007-ல் சொன்ன உச்சவரம்பு சுமார் 16 கிலோ. அதற்கு மேல் கருவிதான். இங்கே 70 கிலோ ஆளுக்கு இரண்டே பேர்!

நான் பி.காம். எனக்குத் தெரிந்த கணக்கைக் கேட்கிறேன். ஸ்கேன் மெஷினுக்குக் கோடிகள் இருக்கின்றன. அதில் நோயாளியை வழுக்கி நகர்த்தும் விரிப்புக்குக் காசில்லையா? அடுத்த முறை பில் கட்டும்போது கவுன்ட்டரில் கேளுங்கள்: ‘நான் தூக்கின கூலியைக் கழிச்சீங்களா?’