எச்சரிக்கை போய்விட்டது, பிழை போகவில்லை

வொலட்டைல் மாறிகளின் மீது கூட்டு அசைன்மென்ட் செய்வது கைவிடத்தக்கது என்று சி++20 அறிவித்தது. சி++23 அந்த அறிவிப்பை முதலில் |=, &=, ^= மூன்றுக்கும் திரும்பப் பெற்றது; பிறகு மற்றவற்றுக்கும் பெற்றுக்கொண்டது. ஜிசிசி 13-இல் பிட் செயல்களுக்கான எச்சரிக்கை நின்றுவிட்டது. தரமும் 2024 அக்டோபரில் முறைப்படி வெளியாகிவிட்டது. நம் நிலைப்பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

தரக் குழுவின் வாதத்தில் நியாயம் உண்டு. சிப் தயாரிப்பாளர்களின் ஹெடர் கோப்புகள் முழுக்க ரிஜிஸ்டர் |= மாஸ்க் என்றே எழுதப்பட்டிருக்கின்றன. எச்சரிக்கையை அடக்க அதை x = x | m என்று பிரித்து எழுதினாலும் நடப்பது அதே படிப்பு, அதே மாற்றம், அதே எழுத்து. அதுவரை சரி.

ஆனால் பயிற்சி நிலையில் இருப்பவருக்கு "இது ஒரே செயல் அல்ல" என்று கேட்காமலே சொன்ன ஒரே குரல் அந்த எச்சரிக்கைதான். ஆர்டுயினோ ஊனோவில் PORTB-யின் ஐந்தாம் பிட்டை |= கொண்டு ஏற்றினால் கம்பைலர் ஒற்றை sbi கட்டளையைத் தருகிறது; நடுவில் இன்டரப்ட் நுழைய இடமில்லை. அதே வரியை மெகாவில் PORTL-க்கு எழுதிப் பாருங்கள். அந்த போர்ட்டின் முகவரி 0x10B, sbi எட்டாது. lds, ori, sts என்று மூன்று கட்டளைகள். மூன்றாம் பிட் ஒரு கதவின் மோட்டார் ரிலே என்று வையுங்கள். மெயின் லூப் வேறொரு பிட்டை ஏற்றுவதற்காக lds செய்த கணத்தில் லிமிட் சுவிட்ச் இன்டரப்ட் வந்து மோட்டாரை நிறுத்துகிறது. திரும்பியதும் sts பழைய பைட்டையே எழுதுகிறது. கதவு எல்லையைத் தொட்ட பிறகும் மோட்டார் மறுபடி ஓடுகிறது. மேசையில் நூறு தடவை சோதித்தாலும் இது அகப்படாமல் போகலாம். (டிஜிட்டல்ரைட் இன்டரப்டை மூடிவிட்டே எழுதுகிறது, வேகத்துக்காக அதைத் தவிர்ப்பவர்கள்தான் இங்கே மாட்டுகிறார்கள்.)

கந்தளாயில் இருந்துகொண்டு இதைச் சின்ன விடயமாக எங்களால் பார்க்க முடியாது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் குளக்கட்டு உடைந்து நூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்கும் மென்பொருளுக்கும் தொடர்பில்லை. ஆனால் வான்கதவையும் துருசையும் பம்பையும் மலிவான போர்டுகளால் இயக்கப் பழகிவரும் காலம் இது. நீரைத் தடுக்கும் கதவின் நிலை ஒரு பைட்டில் இருக்கும்போது அந்த பைட்டை யார் யார் தொடுகிறார்கள் என்று கேட்பது எங்கள் கடமை.

ஆர்பி2040 சிப்பில் நிலைமை இன்னும் கடினம். அதன் இரண்டு கோர்களும் கோர்டெக்ஸ்-எம்0+. அவற்றில் ldrex, strex கட்டளைகள் கிடையாது. ஒரு கோரில் இன்டரப்டை மூடினால் மற்றக் கோர் நிற்காது. வன்பொருள் ஸ்பின்லாக் வேண்டும். சாதன ரிஜிஸ்டர்களுக்கு செட், கிளியர் மாற்று முகவரிகள் இருக்கின்றன. எஸ்டிஎம்32-இல் BSRR அதே வேலைக்குத்தான். தயாரிப்பாளர்களே வழி செய்து வைத்திருக்க, நம் பாடக்குறிப்புகள் "வொலட்டைல் போட்டால் திரெட்டுகள் பகிரலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. இதைப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறோம். பாடத்திட்டம் வகுப்பவர்கள் திருத்தவில்லை. தரக் குழுவோ, எச்சரிக்கை இரைச்சல் என்று முறையிட்டவர்களுக்குச் செவிசாய்த்தது. அந்த இரைச்சலால் விழித்துக்கொண்டிருக்கக்கூடிய மாணவர் அந்த அறையில் இல்லை. தரத்தின் அதிகாரபூர்வப் பிரதியை சுவிஸ் பிராங்கில் காசு கொடுத்து வாங்க அவரால் முடியாது. தமிழில் அவருக்குக் கிடைப்பது அந்தப் பிழையான குறிப்பு மட்டுமே.

மற்ற மொழிகள் எதிர்த்திசையில் போகின்றன. ஜாவா 9 பிட் செயல்களின் அட்டாமிக் வடிவங்களுக்குத் தனிப் பெயர்கள் கொடுத்தது. 2024-இல் வந்த கோ 1.23 அட்டாமிக் தொகுதியில் And, Or இரண்டையும் சேர்த்தது. பெயரிட்டு அழைக்கும்போது படிப்பவருக்குப் பகிர்வு கண்ணில் படுகிறது. சி++-இலும் அட்டாமிக் மாறிக்கு |= செல்லும் என்றாலும் fetch_or என்றே எழுதுங்கள். பழைய மதிப்பும் கைக்கு வரும், "இந்த பிட்டை முதலில் ஏற்றியது நானா?" என்ற கேள்விக்கு விடையும் கிடைக்கும்.

வாசகர்களிடம் கேட்பது இதுதான். உங்கள் மூலக்கோப்புகளில் |=, &=, ^= மூன்றையும் தேடுங்கள். இன்டரப்டோ வேறு திரெட்டோ தொடும் மாறி எதுவானாலும் அட்டாமிக் ஆக்குங்கள். ஏவிஆர் (ஊனோ, மெகா) என்றால் ATOMIC_BLOCK-க்குள் போடுங்கள். கற்பிப்பவர்கள் தங்கள் குறிப்பில் வொலட்டைல் பற்றியுள்ள அந்த ஒரு வாக்கியத்தை அடுத்த வகுப்புக்கு முன்பே அடித்துவிடுங்கள்.